பீரோவைத் திறங்கள், பிள்ளைகள் படிப்பார்கள்

தேனி மாவட்டத்துக் கோம்பையிலும் அதன் சுற்றூர்களிலும் பொழுது விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மலைக்கு வேலைக்குப் போகும் அம்மாக்கள் வீடு திரும்ப அந்தி சாய்ந்துவிடும். வந்ததும் அடுப்பு வேலை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை வாசித்துக் காட்ட அவர்களுக்கு ஏது நேரம்? வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்களும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் பெரும்பாலும் பாடப்புத்தகம் வழியாகவே அறிமுகமாகிறது. பாடப்புத்தகத்தின் பின்னாலேயே கேள்வியும் மதிப்பெண்ணும் வந்துவிடும். படிப்பதில் இன்பமும் உண்டு என்பதை இவர்களுக்குக் காட்ட வேண்டிய இடம் வகுப்பறைதான்.

வகுப்பறை நூலகம் என்பது என்ன?

பள்ளி நூலகம் தனி அறையில் இருக்கும். வாரத்தில் ஒரு பாடவேளை கிடைத்தால் பெரிது. வகுப்பறை நூலகம், பிள்ளைகள் நாள் முழுக்க உட்காரும் அறையிலேயே இருப்பது. அவர்கள் வயதுக்கும் வாசிப்புத் திறனுக்கும் ஏற்ற கதைப் புத்தகங்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். கணக்கைச் சீக்கிரம் முடித்த பிள்ளை எழுந்து போய் ஒன்றை எடுக்கலாம். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம்.

புத்தகத்துக்கு வழி உண்டா?

உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்களும் இதழ்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளின் நூலகத்துக்கென நிதி உண்டு. 2022-இல் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய சிறார் இதழ்களைத் தொடங்கியது. 2023-இல் ‘வாசிப்பு இயக்கம்’ வந்தது. நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில், முதற்கட்டமாக 53 சிறு நூல்கள் அதற்கென உருவாக்கப்பட்டன. எந்த வகுப்பில் படிக்கிறார் என்பதைவிட, இப்போது எந்த அளவுக்கு வாசிக்க வருகிறது என்பதை வைத்துப் புத்தகத்தைக் கொடுக்கும் முறை இது. ஏழாம் வகுப்பு மாணவர் ‘நுழை’ நூலிலிருந்து தொடங்கினாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு ஏன் பல பள்ளிகளில் புத்தக பீரோ பூட்டியிருக்கிறது?

இருப்புப் பதிவேடுதான் காரணம். புத்தகம் தொலைந்தால், கிழிந்தால், தணிக்கையின்போது யார் பதில் சொல்வது என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விலை கொடுப்பது பிள்ளைகள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகங்கள் பயன்பாட்டுக்கானவை என்பதுதான். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோனார்கள். வண்டி கட்டிப் புத்தகம் அனுப்பிய தமிழ்நாட்டில், வகுப்பறைக்குள் இருக்கும் பீரோவைத் திறக்கத் தயங்கலாமா?

படித்துக் கிழிந்த புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது. பயன்பாட்டில் தேய்ந்ததை ஆசிரியரின் குற்றமாகப் பார்க்க மாட்டோம் என்று தலைமை ஆசிரியரும் கல்வி அலுவலரும் வாய்விட்டுச் சொன்னாலே பாதி பீரோக்கள் திறந்துவிடும்.

எப்படித் தொடங்குவது?

அலமாரி வாங்கக் காத்திருக்க வேண்டாம். சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிடலாம். அட்டைப்படம் முன்னால் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படிநிலைக்கு ஒரு நிறமாகப் பொட்டு ஒட்டலாம். யார் எதை எடுத்தார் என்ற நோட்டைப் பிள்ளைகளே முறைவைத்து எழுதட்டும். பசையும் செலோடேப்பும் பக்கத்திலேயே இருக்கட்டும். கிழிந்ததை ஒட்டுவதும் அவர்கள் பொறுப்பு.

புத்தகம் போதவில்லையா? பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயம் ஆகியவை படங்களுடன் தமிழில் சிறார் நூல்களை வெளியிடுகின்றன. கொஞ்ச நாளுக்கு ஒருமுறை பக்கத்து வகுப்போடு புத்தகங்களை மாற்றிக்கொண்டால் புதுசு தீராது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆசிரியர் நாள்தோறும் பத்து நிமிடம் உரக்க வாசித்துக் காட்டுவது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழின் ஓசை காதில் ஏறுவது அப்போதுதான். வாசித்து முடித்ததும் கதைச் சுருக்கம் எழுது, நீதி என்ன சொல் என்று கேட்டால் அந்தப் புத்தகமும் பாடமாகிவிடும். பிள்ளை தானாக வந்து கதை சொன்னால் கேளுங்கள். அதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

ஊர் செய்ய வேண்டியது

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: கதைப் புத்தகங்கள் எந்த அறையில், யார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன? கோம்பையில் படித்து வெளியூரில் வேலை பார்ப்பவர்களே, திருவிழாவுக்கு ஊர் வரும்போது ஒரு வகுப்புக்கான புத்தகங்களை வாங்கி வாருங்கள். வாங்கும் முன் ஆசிரியரிடம் பட்டியல் கேளுங்கள். வீட்டில் கழித்துப்போட்ட போட்டித் தேர்வு நூல்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உதவா. ஆசிரியர்களே, புதுப் புத்தகம் வரும்வரை காத்திருக்காமல், இருக்கும் பீரோவை நாளைக்கே திறந்துவிடுங்கள்.