நாய் கடித்தவுடன் செய்ய வேண்டுவன

அண்மையில் குடிநீர்க் குழாய்ப் பணியைப் பார்வையிட ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். திண்ணையொன்றில் 8 வயதுச் சிறுவன் துடித்துக்கொண்டிருந்தான். அவன் கெண்டைக்காலில் நாயின் பற்கள் பதிந்த இடத்தில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பப்பட்டிருந்தன. பத்தடி தொலைவில் தெருக்குழாயில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது!

அந்த நீரும் ஒரு சோப்புக் கட்டியுமே முதல் மருந்தாகும். வெறிநோய்க் கிருமி நாயின் உமிழ்நீர் வழியே புண்ணிற் புகுகின்றது. அதன் மேலுள்ள கொழுப்புறையைச் சோப்பு கரைத்து அழித்துவிடும். ஆதலின், பாயும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவுதல் வேண்டும். இது நாம் நினைப்பதினும் நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுக. பின்னர் அயோடின் மருந்து இருப்பின் இடலாம். மிளகாயும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் புண்ணைப் புண்ணாக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லா. இரத்தம் பெருகினாலன்றிக் கட்டுப்போடுதலும் வேண்டா.

சிறுவனின் காலைக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் புறப்படலாம் என்றேன். அவன் பாட்டி குறுக்கே நின்றார். “வயிற்றில் பதினான்கு ஊசி போட்டால் பிள்ளை தாங்குவானா, ஐயா?” என்றார். அவர் அச்சம் பொய்யன்று. பழைய கதை, அவ்வளவே. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அம்மருந்து நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டுவிட்டது. இப்போது கையில், தோலினுள் சிறிதளவே மருந்து செலுத்துகின்றனர். முதல் நாள் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் மீண்டும் செல்ல வேண்டும். இரத்தம் கசிந்த கடியாயின், புண்ணைச் சுற்றியும் வேறொரு மருந்தினைச் செலுத்துவர். அரசு நிலையங்களில் தடுப்பூசிக்குக் கட்டணமில்லை.

கிருமி நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்லச் செல்கின்றது. பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்களாகும். சில வேளை ஒரு வாரமே போதும். அதற்குள் தடுப்பூசி எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட வேண்டும். நீரை விழுங்க முயலுகையில் தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டாலோ, உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆகவே, ‘வளர்ப்பு நாய்தானே, குட்டிதானே, கீறல்தானே’ என்று வாளாவிருத்தல் தகாது. கடித்த நாயைப் 10 நாட்கள் கவனித்து வருதல் நன்றே. ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

புண் ஆறிய பின்னர் 28-ஆம் நாள் ஊசியைப் பலர் மறந்துவிடுகின்றனர். அச்சிறுவனின் வீட்டுச் சுவரில், பால் கணக்கிற்கு அருகில், அந்நாளைக் கரியால் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.