சவுண்ட் கார்டு வாங்குகிறீர்களா? பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

சென்னை ரிச்சி தெருவில் விலை குறைந்த யூஎஸ்பி சவுண்ட் கார்டு கேட்டால், விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து நீட்டுவார்கள். மேலே '7.1 சேனல்' என்று அச்சிட்டிருக்கும். அதில் இருப்பதோ ஹெட்போனுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை. 7.1 என்பது மென்பொருள் காட்டும் பாவனை. எட்டு ஸ்பீக்கரை அதில் மாட்ட வழியே இல்லை. இணையக் கடைகளில் வேறு விதம். விளம்பரத்தில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றிருக்கும். வந்து சேர்வது 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டுக் கேட்க 16 பிட் போதும், சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். அதற்காகச் சொன்னது ஒன்றும் கொடுத்தது ஒன்றுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "ஐந்நூறு ரூபாய்தானே, போகட்டும்" என்று நாம் விடுவதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

நல்ல பொருளையே பொருந்தாத இடத்துக்கு வாங்கிவிட்டு, கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. பிளேஸ்டேஷன் 5-இல் ஆப்டிகல் துளை கிடையாது. ஆப்டிகல் உள்ளீடு மட்டும் உள்ள டாக்கை (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) அதற்கு வாங்கினால் நேரே மாட்ட முடியாது. டிவியிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் போடும் சின்னக் கறுப்புப் பெட்டியில் சத்தம் வரவில்லை என்றால், முதலில் டிவியின் ஆடியோ அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. ஹெட்போன் துளை இல்லாத போனுக்கு டைப்-சி அடாப்டர் வாங்குகிறவர்கள், உள்ளே டாக் சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் ஒயர் அடாப்டர் பல போன்களில் ஊமையாகவே இருக்கும்.

பொருள் கைக்கு வந்ததும், பிரிக்கும் முன்பே போனில் வீடியோவை ஓடவிடுங்கள். பார்சல் ஒட்டுச்சீட்டிலிருந்து பொருள் வெளியே வரும்வரை நிறுத்தாமல் எடுங்கள். அன்றைக்கே விண்டோஸ் கணினியில் செருகி, சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் 'பிளேபேக்', அந்தச் சாதனத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போங்கள். எத்தனை பிட், எத்தனை ஹெர்ட்ஸ் வரை போகும் என்ற பட்டியல் அங்கே விரியும். கம்பெனி தனி டிரைவர் தந்திருந்தால் அதைப் போட்ட பிறகு பாருங்கள். அந்தப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுதான் உங்கள் சாட்சி. விற்பனைப் பக்கத்தை வாங்குவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். பிறகு விளம்பர வாசகம் மாறிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் துண்டுச்சீட்டுப் படம் பில் ஆகாது. கடை பெயர், முகவரி, தேதி, பொருளின் மாடல் எல்லாம் பில்லில் வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அட்டையைப் பார்த்துப் பயந்து திரும்பி வராதீர்கள்.

பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு இருக்க வேண்டும். இல்லையென்றாலும், எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலும், தமிழ்நாட்டில் புகாரை வாங்க வேண்டியது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. இது பலருக்குத் தெரியாது. துறையும் ஊருக்குச் சொல்ல அக்கறை காட்டுவதில்லை.

இணையத்தில் வாங்கியிருந்தால், ரிட்டர்ன் கேட்கும்போது 'விளம்பரத்தில் சொன்னபடி இல்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். 'பிடிக்கவில்லை', 'தேவையில்லை' என்று அழுத்தினால் வழக்கை நீங்களே பலவீனமாக்குகிறீர்கள். மறுத்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றதை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் 2020 மின்வணிக விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன. சாட் பெட்டியில் புலம்பியதோடு நிறுத்தாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நீதிமன்றம் அல்ல, சமரசம் மட்டுமே செய்யும். கம்பெனியின் பதிலை ஒட்டி 'தீர்க்கப்பட்டது' என்று உங்கள் புகாரை முடித்துவிட்டாலும் சோர்ந்துபோகாதீர்கள். விற்றவருக்கும் தளத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை பார்க்கும் மாவட்டத்திலோ மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மனுவோடு பில், இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகள், மின்னஞ்சல்கள், நோட்டீஸ் நகல், தபால் ரசீது, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை வையுங்கள். விலையை மட்டும் கேட்காமல், இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். மனுவில் கேட்காமல் விட்டதை ஆணையம் தானாகத் தரும் என்று இருக்காதீர்கள். இதற்கெல்லாம் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது என்று விற்றவர் சொல்வதால் அந்த இரண்டு ஆண்டு குறைந்துவிடாது.