மேல்மாடியின் பார்வை உங்கள் பின்கட்டில் எங்கே விழுகிறது?

கிள்ளானில் பழைய தாமான்களுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நிலத்தில் இரட்டை மாடி வீடுகள் வந்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்ட பிறகு தரை வீடுகளுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடிகள் உயர்ந்துவிட்டன. துணி உலர்த்தவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும், மாலையில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கவும் இருந்த ஒரே இடம் பின்கட்டுதான். இப்போது தலைக்கு மேல் வரிசையாகச் சன்னல்கள்.

உடனே பலருக்கும் தோன்றுவது, மதிலை உயர்த்தலாம் என்பதுதான். கொண்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள் இங்கே உதவும்.

பின்வீட்டு மேல்மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 4.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது உங்கள் தலை 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். இருவருக்கும் இடையே 15 மீட்டர் தூரம். அவர் கண்ணிலிருந்து உங்கள் தலைக்கு ஒரு நேர்க்கோடு வரையுங்கள். 15 மீட்டர் தூரத்தில் அது 3.5 மீட்டர் இறங்குகிறது.

அவர் வீட்டுக்கு அருகே, அதாவது உங்களிடமிருந்து 12 மீட்டர் தள்ளி ஒரு மறைப்பு நின்றால், அது 4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். 3 மீட்டரில் இருக்கும் உங்கள் பின்மதில் 1.9 மீட்டர் இருந்தாலே போதும். நாற்காலியிலிருந்து ஒன்றரை மீட்டரில் ஒரு தட்டி வைத்தால் 1.55 மீட்டர் போதும். நின்று துணி காயப்போடுபவருக்கு அதே தட்டி சுமார் 1.9 மீட்டர் வேண்டும். மறைப்பு உங்களை நெருங்க நெருங்க அதன் உயரமும் செலவும் குறைகின்றன. முழுத் தோட்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் உட்காரும் மூலையையும் துணிக்கொடியையும் மறைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுக்குமாடி என்றால் கணக்கு மாறும். 40 மீட்டர் தள்ளி, 60 மீட்டர் உயரத்தில் ஒருவர் நிற்கிறார். பார்வைக்கோடு இப்போது மிகச் சரிவாக இறங்குகிறது. ஒன்றரை மீட்டரில் வைக்கும் தட்டி 3.4 மீட்டர் உயர வேண்டும். அது காற்றில் சாயும். ஆனால் 2.4 மீட்டர் உயரத்தில் ஒரு பந்தல் போட்டு, உங்கள் தலையிலிருந்து கட்டடத்தின் பக்கம் ஒரு மீட்டர் நீட்டினால், அந்தக் கோடு பந்தலிலேயே முட்டிவிடும். மேல்மாடிகளைப் பந்தல் பார்த்துக்கொள்ளும், கீழ்மாடிகளை வேலி பார்த்துக்கொள்ளும். நடு மாடிகளுக்குப் பந்தலின் விளிம்பிலிருந்து கொடிகளைத் தொங்கவிடலாம்.

நம் பாட்டிமார் போட்ட பாகல் பந்தலும் அவரைப் பந்தலும் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தும். ஒரே குறை, பாகல் சில மாதங்களில் ஓய்ந்துவிடும். அதனால் பாகலோடு பேஷன் ஃப்ரூட் கொடியையும் நடுங்கள். முதலாவது உடனே மூடும். அது காய்வதற்குள் மெதுவாக வளரும் இரண்டாவது பந்தலைப் பிடித்துக்கொள்ளும்.

செங்கல் மதிலுக்கு வேறொரு விலையும் உண்டு. பகலில் உறிஞ்சிய வெப்பத்தை அது மாலையில் வெளிவிடும், காற்றையும் தடுக்கும். இலைகள் நீராவியை வெளியிட்டுத் தங்களைக் குளிர்த்திக்கொள்கின்றன. இடுக்குகளில் காற்றும் நுழையும். கிள்ளான் பள்ளத்தாக்கின் புழுக்கத்தில் இது சின்ன விஷயமல்ல. அப்படியும் மதிலைத்தான் உயர்த்துவேன் என்றால், முதலில் உங்கள் ஊராட்சி மன்றத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

வேலி வைத்தால் வெயில் போய்விடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறோம். நண்பகல் சூரியன் அதிகம் தெற்கே சாய்வது டிசம்பரில்; அப்போதுகூட 2 மீட்டர் வேலியின் நிழல் ஒரு மீட்டர்தான். மேற்குப் பக்க வேலி மட்டும் மாலையில் நீண்ட நிழல் தரும். நாலு மணி வெயிலில் அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

வேலிக்கு எது நல்லது? நெட்டிலிங்கம் ஒல்லியாக, கிளைகள் தொங்கி வளரும். நுனியை வெட்டாவிட்டால் கூரையைத் தாண்டிவிடும். மூங்கில் இன்னும் வேகமானது. ஒரு முளை தன் முழு உயரத்தையும் சில மாதங்களில் எட்டிவிடும், அதன் பிறகு பருப்பதில்லை. ஆனால் நாற்றங்காலில் கேட்டு, கூட்டமாக ஒரே இடத்தில் வளரும் வகையையே வாங்குங்கள். மண்ணுக்கடியில் ஓடிப் பரவும் வகையை நட்டால் அடுத்த முளை பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கும்!

நிழல் வலை, மூங்கில் திரை, சன்னலில் ஒட்டும் கண்ணாடித் தாள் ஆகியவை வெளிச்ச வேறுபாட்டை நம்பியவை. பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. அதனால் நீங்கள் வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். இரவுக்குக் கனமான திரைச்சீலை வேண்டும், அல்லது பின்கட்டு விளக்கை உங்கள் மேல் படாமல் வேலியின் பக்கம் திருப்பி வையுங்கள்.

ஒலிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஒலியைத் தடுக்க எடை வேண்டும். இலைக்கு எடை ஏது? வேலிக்குப் பின்னால் பேசும் குடும்ப ரகசியம் அடுத்த வீட்டுக்குக் கேட்கத்தான் செய்யும்.

மூங்கில் வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணுக்களுக்கு நடுவில் வெட்டினால் மிஞ்சும் அடிக்கட்டை ஒரு கிண்ணமாகி மழைநீரைப் பிடித்துக்கொள்ளும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள். அங்கே குறுக்குத் தடுப்பு இருப்பதால் நீர் தேங்க இடமிருக்காது. பழைய கட்டைகளை மண்ணால் நிரப்பிவிடுங்கள். வாரம் ஒருமுறை, மழை விட்ட மறுநாள், வேலியின் அடியையும் தொட்டித் தட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.