பாம்புக் கழுகுகள்

பாம்புக் கழுகுகள் என்பவை தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் காடுகளில் வாழும் கொன்றுண்ணிப் பறவைகள் ஆகும். அக்சிபிட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்த இவற்றின் பேரினப் பெயர் ஸ்பைலோர்னிஸ். 1840ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஜார்ஜ் ராபர்ட் கிரே இப்பேரினத்தை ஏற்படுத்தினார். கிரேக்க மொழியில் ‘ஸ்பைலோஸ்’ என்பது புள்ளியையும் ‘ஓர்னிஸ்’ என்பது பறவையையும் குறிக்கும். உடலின் அடிப்பகுதியில் வெண்புள்ளிகள் இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது.

உடலமைப்பு

தலையில் கருப்பும் வெள்ளையும் கலந்த கொண்டை, கண்ணுக்கும் அலகுக்கும் இடையே மஞ்சள் நிறத் தோல், அகன்ற இறக்கைகள் ஆகியன பொது அடையாளங்கள். மஞ்சள் நிறக் கால்களில் இறகுகள் இல்லை; செதில்கள் மூடியிருக்கும். பாம்பும் பல்லி வகைகளும் முதன்மை உணவு.

சிற்றினங்கள்

பொதுவாக ஆறு சிற்றினங்கள் ஏற்கப்படுகின்றன. கொண்டைப் பாம்புக் கழுகு இந்தியா, இலங்கை முதல் தைவான், இந்தோனேசியா வரை பரவியுள்ளது. மற்ற ஐந்தும் தீவுகளுக்கே உரியவை: அந்தமான், பெரிய நிக்கோபார், போர்னியோவின் மலைகள், சுலவேசி, பிலிப்பீன்சு. பெரிய நிக்கோபார் பாம்புக் கழுகு உலகின் மிகச் சிறிய கழுகுகளுள் ஒன்று. நீளம் சுமார் 40 செ.மீ.

கொல்லிமலையில்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, இப்பேரினத்தின் இனப்பெருக்கம் ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்று. அங்கு கோகுலா செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கொண்டைப் பாம்புக் கழுகு பெரும்பாலும் நீரோடைக் கரை மரங்களில் கூடு கட்டுகிறது. வழக்கமாக ஒரு முட்டையே இடும். அடைகாக்கும் காலம் சுமார் 41 நாள்கள். குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். ஒரு பருவத்தில் ஓர் இணை வளர்த்தெடுப்பது ஒரே ஒரு குஞ்சுதான்.

பாதுகாப்பு

பரவலாகக் காணப்படும் பறவை என்பதால் இதற்கு ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கொல்லிமலையில் மரவள்ளி, காப்பி, மிளகு ஆகியவை பயிராகின்றன. சாகுபடிக்காக ஓடைக்கரைப் பெருமரங்கள் வெட்டப்பட்டால் கூடு கட்டும் இடம் குறையும். புதிய மரம் அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு ஒரு குஞ்சு மட்டும் வளர்க்கும் பறவையால் இழப்பை விரைவில் ஈடுசெய்ய முடியாது. தீவுச் சிற்றினங்களின் நிலை இன்னும் கடினம். தம் தீவின் காடு அழிந்தால் அவற்றுக்கு வேறு புகலிடம் இல்லை.