மலைநாட்டு இரவும் மல்லித் தண்ணீரும்

ஊவா மாகாணத்து மலைத்தோட்டங்களில் கதிரவன் குன்றுகளுக்கு அப்பால் மறைந்ததும் குளிர் இறங்கத் தொடங்கிவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையிலும், அதனினுஞ் சற்றுத் தாழ்ந்த பண்டாரவளையிலும் மார்கழி, தை மாதத்து இரவுகள் கடுமையானவை. பகலெல்லாம் சரிவுகளில் நின்று கொழுந்து கொய்த பெண்கள் அவ்வேளையிற் சூடான பானம் ஒன்றை நாடுவது இயல்பே. அடுப்பங்கரையில் எளிதிற் கிடைப்பது தேயிலைத்தூள். ஆதலின், படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் அருந்தும் வழக்கம் பல இல்லங்களில் வேரூன்றியுள்ளது.

உடல் வெப்பமுறுகிறது, ஆனால் உறக்கம் விலகுகிறது. இதற்குக் காரணம் யாது? தேயிலையிலுள்ள கஃபீன் என்னும் பொருளே. ஜேர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே என்பார் 1819ஆம் ஆண்டில் இதனைக் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்; தேயிலையில் இருப்பதும் அதுவே என்பது 1838ஆம் ஆண்டிற் புலனாயிற்று. நாம் விழித்திருக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, உறங்கும் விருப்பத்தைத் தூண்டுகிறது. கஃபீன் அதன் இடத்தைத் தான் பற்றிக்கொண்டு அத்தூண்டுதலைத் தடுக்கிறது. அருந்திய கஃபீனிற் பாதி உடலைவிட்டு நீங்கவே பெரும்பாலோருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரஞ் செல்லும். இரவு ஒன்பது மணிக்குப் பருகியது நள்ளிரவிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு உணவு சமைத்து, பெரட்டுக்குச் செல்லவேண்டிய தாய்க்கு இது சிறிய இழப்பன்று.

இதற்கு மாற்று வெகு தொலைவில் இல்லை. தடிமன் பிடித்தால் தமிழர் இல்லங்களிலும் சிங்களவர் இல்லங்களிலும் ஒருங்கே காய்ச்சப்படும் மல்லித் தண்ணீரே அது. இதிற் கஃபீன் சிறிதும் இல்லை.

இருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை போதுமானது. அதனை வெறுஞ்சட்டியில் மணம் எழும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ள வேண்டும். பெருவிரல் நுனியளவு இஞ்சியைத் தட்டி, சிறு கறுவாப்பட்டைத் துண்டொன்றுடன் சேர்த்து, மூன்று கோப்பை நீரில் இட்டு, அது இரண்டு கோப்பையாக வற்றும்வரை மெல்லிய தீயிற் காய்ச்சி வடித்தல் வேண்டும். இனிப்பு வேண்டுவோர் கித்துள் கருப்பட்டியிற் சிறு துண்டைக் கடித்துக்கொள்ளலாம். பால் சேர்க்க விரும்புவோர் இஞ்சி நன்கு கொதித்த பின்னரே பாலை ஊற்றுதல் நன்று. பச்சை இஞ்சி பாலைத் திரையச் செய்துவிடும்.

படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே இதனைப் பருகுதல் வேண்டும். கழிப்பறை லயனுக்கு வெளியே அமைந்திருக்கும் இடங்களில், நள்ளிரவுக் குளிரில் எழுந்து செல்லும் தொல்லை இதனாற் குறையும். நீரிழிவுடையோர் இனிப்பை விலக்குதல் நலம்.

கொத்தமல்லி ஓர் உறக்க மருந்து என்று எண்ணிவிடலாகாது. உறக்கத்தைக் கெடுப்பது நீங்குகிறது. இளஞ்சூடு மனத்துக்கு அமைதி தருகிறது. அதன் பயன் அவ்வளவே. வாரக்கணக்கில் உறக்கம் வாராதோர் வைத்தியரை நாடுதலே முறை.

தேநீரை அறவே விலக்கவேண்டும் என்பதன்று இதன் கருத்து. காலையில் அது நல்ல துணை. ஆனால் உணவுடன் சேர்த்து அருந்தினால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதை அது குறைக்கும். ஆகவே இரத்தச்சோகையுள்ள பெண்களும் கருவுற்ற தாய்மாரும் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுதல் வேண்டும். பிற்பகலுக்குப் பின் தேநீரைக் குறைத்து, இரவில் மல்லித் தண்ணீருக்கு இடமளிப்பார்களாயின், உலகை விழிக்கச் செய்யும் கொழுந்தைக் கொய்யும் கைகளுக்கு இரவு ஓய்வு குறைவின்றிக் கிட்டும்.