ஒரே தெரு, இரண்டு வரி

வீட்டு வரி என்றதும் நூற்றுக்கு எவ்வளவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். விகிதம் ஒன்றாகவே இருந்தும், ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மற்றதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி விழக்கூடுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் இந்த விந்தை நடந்திருக்கிறது.

அங்கே கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. வீடுகளை மதிப்பிடுவதும் வரி வசூலிப்பதும் அதன் பொறுப்பு. 1970-க்குப் பிற்பட்ட வருஷங்களில் வீட்டு விலை மளமளவென்று ஏறிற்று; கூடவே மதிப்பும் வரியும் ஏறின. சொந்த வீட்டில் காலந்தள்ளிய முதியோருக்கு இதனால் கையில் காலணாவும் கூடவில்லை. வீட்டை விற்றாலன்றோ விலை பணமாகும்! வரி செலுத்தவே வீட்டை விற்க நேருமோ என்று அவர்கள் கலங்கினார்கள்.

ஹவார்டு ஜார்விஸ், பால் கேன் என்ற இருவர் கையெழுத்துத் திரட்டி, 13-வது பிரேரணையை ஜனங்களின் வாக்குக்குக் கொண்டுவந்தனர். 1978 ஜூன் 6-ந் தேதி நூற்றுக்குச் சுமார் 65 பேர் அதை ஆதரித்தனர். பொது வரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டலாகாது. மதிப்பு 1975-ஆம் வருஷ நிலைக்குத் திரும்பவேண்டும். பிறகு வருஷத்துக்கு 2 சதவிகிதத்துக்குமேல் உயரலாகாது. வீடு கைமாறினால் மட்டும் அன்றைய சந்தை விலையே மதிப்பு.

சூட்சுமம் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. 1988-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஒரு பெண்மணி 1,70,000 டாலருக்குச் சிறு வீடு ஒன்று வாங்கினார். வரி 1,701 டாலர். அருகில் அதேபோன்ற வீட்டில் நெடுநாளாக இருந்தவர் செலுத்தியதோ 358 டாலர்! மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறும் மாளிகையின் பழைய சொந்தக்காரர்கூட அம்மாளைவிடச் சில டாலர்களே அதிகம் செலுத்தினார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1992-ல் எட்டு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றனர், ஒருவர் மாறுபட்டார். புதிதாக வாங்குகிறவர் வரி இன்னதென்று அறிந்தே வாங்குகிறார் என்பது தீர்ப்பில் கண்ட நியாயங்களுள் ஒன்று. சட்டத்துக்கு அது போதுமாயிருக்கலாம். முதல் வீடு வாங்கும் இளந் தம்பதிகளுக்கு அது ஆறுதலாகாது.

உபாத்தியாயர்களாகிய நமக்கு மற்றொன்றும் உறுத்துகிறது. பிரேரணை நிறைவேறியதும் சொத்து வரி வருமானம் பாதிக்குமேல் குறைந்தது. அந்த வரியை நம்பியிருந்த பள்ளிக்கூடங்கள் மாகாண சர்க்காரின் கையை எதிர்பார்க்கலாயின. முதியவரின் கூரையைக் காத்தது நல்ல காரியமே. ஆனால் அதே சலுகை பெரிய கம்பெனிகளின் கட்டடங்களுக்கும் கிடைத்ததே! அக்கட்டடங்களுக்காவது சந்தை விலைப்படி வரி விதிக்கலாம் என்ற பிரேரணை 2020 நவம்பரில் வாக்குக்கு வந்து, சொற்ப வித்தியாசத்தில் தோற்றது.