உஷார்! மஞ்சள் உறையை எறிந்துவிடாதீர்கள்

ஜேர்மனியில் தஞ்சம் கேட்டுக் காத்திருக்கும் தம்பி தங்கையரே, அகதிகள் அலுவலகத்தின் முடிவு வரும் மஞ்சள் உறை தபால்பெட்டியில் கிடந்தால் முதலில் அதன் மேல்புறத்தைப் பாருங்கள். தபால்காரர் எழுதிய திகதி இருக்கும். நீதிமன்றம் போவதற்கான கெடு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும். ஆள் இல்லாத நேரம் பெட்டிக்குள் போட்டுப் போனாலும் கையில் கொடுத்த கணக்குத்தான். உறையைக் குப்பையில் போட்டால் திகதிக்கான சாட்சியும் போய்விடும்.

நிராகரிப்பை எதிர்த்து நிர்வாக நீதிமன்றம் போக வழக்கமாக இரண்டு வாரம். டப்ளின் முடிவென்றால், அதாவது உங்கள் வழக்கை வேறொரு ஐரோப்பிய நாடுதான் பார்க்க வேண்டும் என்ற முடிவென்றால், ஒரே வாரம்! அந்த ஒரு வாரத்தைத்தான் பிள்ளைகள் வட்ஸ்அப் குரூப்பில் தொலைக்கிறார்கள். கடிதத்தைப் படமெடுத்துப் போடுகிறார்கள். பெயர், பிறந்த திகதி, கோப்பு இலக்கம் எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் ஃபோனுக்குப் போகிறது. "பயப்படாதை, எனக்கும் இப்பிடித்தான் வந்தது, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று குரல் பதிவு வருகிறது. அந்த அண்ணா சொல்வது பொய்யில்லை. ஆனால் அவருக்கு வந்த முடிவு வேறு. எண்பதுகளில் வந்த மாமாமாரின் அனுபவமும் இங்கே உதவாது. 1993இல் தஞ்சச் சட்டமே மாறிவிட்டது.

2015 ஆகஸ்டில் ஜேர்மனியின் அகதிகள் அலுவலகம் ட்விட்டரில் ஒரு வரி போட்டது: சிரியர்கள்மீது டப்ளின் நடைமுறையைத் தற்போதைக்குப் பெரும்பாலும் தொடரவில்லை என்று. ஃபோனுக்கு ஃபோன் பறந்த செய்தி அது. நவம்பருக்குள் பழைய நடைமுறை திரும்பிவிட்டது. அலுவலகமே சொன்ன செய்தியின் ஆயுள் அவ்வளவுதான் என்றால், யாரோ அனுப்பிய குரல் பதிவை என்ன நம்பிக்கையில் பிடித்துக்கொள்வது?

வீடு தேட, மொழி வகுப்பு விசாரிக்க குரூப்பைப் போல உதவி வேறில்லை. தாராளமாகக் கேளுங்கள். முடிவுக் கடிதத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

பெற்றோரே, எனக்கு அதிகம் பயம் உங்கள் வீட்டுப் பிள்ளையை நினைத்துத்தான். டொச் மொழி முதலில் பிடிபடுவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு. அதனால் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் அந்தப் பிள்ளையின் கையில். பதினைந்து வயதில் குடும்பத்தின் நிராகரிப்பை வாசித்து, அம்மா அழுவாளே என்று பாதியை மறைத்த பிள்ளையை யார் குறை சொல்வது? அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

உறை வந்த அன்றைக்கே காரித்தாஸ் அல்லது டியாக்கொனி தொண்டு நிறுவனத்தின் ஆலோசனை நிலையத்துக்கு அதோடு போங்கள். ஆலோசனைக்குக் காசு இல்லை. சட்டத்தரணி கிடைக்கவில்லையா? நேரே நிர்வாக நீதிமன்றம் போங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல வழக்கை எழுதிக்கொள்ளும் பிரிவு அங்கே உண்டு. முதல் கட்டத்தில் சட்டத்தரணி கட்டாயமில்லை, நீதிமன்றக் கட்டணமும் இல்லை. முகாம் மாறினால் புதிய முகவரியை அகதிகள் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடனே எழுதிக் கொடுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதமும் உங்களுக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும்.